ஜன்னலைத் திறந்தவரிடம் கேட்டீர்களா?

கேள்வி: அலுவலகம் போகும்போது தினமும் போட்டுக்கொள்வதற்காக, இரண்டு பெர்ஃப்யூம்களின் மாதிரிக் குப்பிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்க்கிறேன். ஒன்று மல்லிகை, மற்றது ரோஜா, இரண்டுமே மென்மையானவை. எதுவும் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காததால், கிளம்பும்முன் இன்னொரு முறை அடித்துக்கொள்கிறேன். மல்லிகை போட்ட நாட்களில் மாமியார் எழுந்துபோய் ஜன்னலைத் திறக்கிறார், அது கிடக்கட்டும். எதை வாங்கலாம்?

பதில்: அது எப்படிக் கிடக்கும்? வயதில் மூத்தவர், மருமகளிடம் வாய்விட்டுச் சொல்லத் தயங்கி, தானே எழுந்துபோய்க் காற்றுக்கு வழி செய்துகொள்கிறார். ஒரு நாள் அல்ல, நீங்கள் மல்லிகை போடும் நாளெல்லாம். அதைக் கவனித்து எனக்கு எழுதத் தெரிந்த உங்களுக்கு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

அரை மணியில் மணம் போய்விடுகிறது என்பதும் உங்கள் மூக்கின் கணக்குதான். முதலில் எழும் இலேசான வாசனை சீக்கிரம் ஆவியாகிவிடும் என்பது உண்மையே; ஆனால் அதன்பின் வரும் பூவின் மணமும், அடியில் தங்கும் கஸ்தூரி, மர வாசனைகளும் மணிக்கணக்கில் நிற்கக்கூடியவை. ஒரே மணத்திலேயே இருக்கும் மூக்கு அதற்குப் பழகி உணராமல் போய்விடுகிறது. அடுத்த அறையிலிருந்து வருகிறவருக்கோ அது பளிச்சென்று தெரியும். ஆக, நீங்கள் அடித்துக்கொள்ளும் இரண்டாவது முறை முழுவதும் மற்றவர்கள் தலையில்தான் விடிகிறது. மல்லிகையில் இயற்கையாகவே இண்டோல் என்ற சேர்மம் உண்டு. சிறிதளவில் பூவுக்கு உயிர் தருகிற அதுவே அளவு மிஞ்சினால் நெடியாகிவிடும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு எந்தக் கடும் வாசனையும் வலியைக் கிளப்பிவிடலாம். உங்கள் மாமியாருக்கு அது உண்டா என்றாவது தெரியுமா?

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, 'என் உடம்பு, என் வாசனை' என்று பேசுவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்வதில்லை. கணவரைத் தூது அனுப்பாமல் நீங்களே அருகில் உட்கார்ந்து, "அத்தை, இந்த வாசனை உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?" என்று கேளுங்கள். ரோஜாவை மணிக்கட்டில் ஒரே ஒரு முறை அடித்து, ஒரு மணி நேரம் கழித்து அவரிடமே அபிப்பிராயம் கேளுங்கள். அவருக்குச் சம்மதம் என்றால் அதையே வாங்குங்கள். கிளம்பும்முன் இன்னொரு முறை என்ற பழக்கம் மட்டும் வேண்டாம். ரோஜாவுக்கும் அவர் ஜன்னல் பக்கம் போனால், இரண்டையும் வாங்காதீர்கள்.