பெயரில் மேலாளர், வேலையில் விற்பனையாளர்

கேள்வி: மதுரை விளக்குத்தூண் அருகே ஒரு ஜவுளிக்கடையில் சேலை விற்கிறேன். ‘தள மேலாளர்’ பதவி தந்துவிட்டதால் மிகைநேர ஊதியம் கிடையாது என்கிறார் முதலாளி. சரியா?

பதில்: பாதிதான் சரி. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு விலக்கு அளிப்பது உண்மையே. ஆனால் அதை முடிவு செய்வது சட்டையில் குத்திய பெயர்ப்பட்டை அன்று, நாள் முழுவதும் நீங்கள் செய்யும் முதன்மையான வேலை. ஆள் சேர்க்கவோ நீக்கவோ விடுப்பு வழங்கவோ அதிகாரமின்றிச் சேலை மடித்துக்கொண்டிருப்பவரை (தீபாவளி நெருங்கினால் இத்தகைய ‘மேலாளர்கள்’ நம் ஊரில் பெருகிவிடுகிறார்கள்!) நிர்வாகி என்று கொள்வது கடினம். அவ்வாறாயின், நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டிய வேலைக்கு வழக்கமான ஊதியத்தைப் போல் இரு மடங்கு தர வேண்டும். மாதச் சம்பளம் என்பதால் இவ்வுரிமை போய்விடாது. வேலை நேரத்தைத் தேதிவாரியாகக் குறித்து வைத்து, தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.