மகிழ்ச்சியான, நிறைவான வாழ்க்கைக்கு நடைமுறையில் உதவும் யோசனை என்ன?

கேட்டவர் கீழே ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்: "தத்துவம் வேண்டாம், நாளைக்கே செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்." சரி, அப்படியே சொல்லப் பார்க்கிறேன். நான் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவன். இங்கேயே சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். அரசாங்கம் யாங்கோன் என்று பெயர் மாற்றி எத்தனையோ வருஷம் ஆயிற்று, எங்கள் வாயில் இன்னும் ரங்கூன்தான்.

எனக்குத் தெரிந்த யோசனை ஒன்றுதான். யாரோ ஒருவர் ஒரே ராத்திரியில் "செல்லாது" என்று அறிவித்துவிடக்கூடிய இடத்தில் உங்கள் சந்தோஷத்தை மொத்தமாகக் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

இந்த ஊர்க்காரன் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன். 1964-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 1985-ல் மறுபடியும் 20, 50, 100. அதற்குப் பதிலாகப் புதுசாக வந்த நோட்டுகளைத் தொட்டுப் பழகுவதற்குள் 1987 செப்டம்பரில் 25, 35, 75 எல்லாம் செல்லாது. இந்த முறை மாற்றிக்கொள்ளக்கூட வழி கிடையாது. சிக்கனமாக இருந்து சேர்த்தவர்களுக்குத்தான் பெரிய அடி, ஊதாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. இடையில் 1960-களில் கடைகளும் ஆலைகளும் அரசுடைமை ஆகி, லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறினார்கள். சென்னைக் கடற்கரை ஓரத்தில் பர்மா பஜார் வந்த கதை அதுதான். இறங்கியபோது அவர்கள் கையில் இருந்தது ஒரு தொழிலும் தெரிந்த நாலு பேரும்தான். அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் கடை போடுவதற்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

அதற்காகப் பணம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கடைக்காரன் அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். பணத்தோடு வேறு சில இடங்களிலும் போட்டு வையுங்கள் என்கிறேன்.

எங்கே போடுவது? முதலாவது, கொஞ்சமாகவும் தவறாமலும் கொடுப்பது. பர்மாவில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஓரத்தில் மரத்தாலான தண்ணீர்ப் பந்தல் ஒன்று இருக்கும். கூரைக்குக் கீழே இரண்டு மூன்று மண்பானை, ஒவ்வொன்றுக்கும் மூடி, மூடிமேல் கவிழ்த்து வைத்த டம்ளர். போகிற வருகிறவர் யாரும் எடுத்துக் குடிக்கலாம். பானை வைத்தவர் பெயர் பலகையில் இருக்கும், அது ஒருநாள் வேலை. அதைக் கவனித்துக்கொள்வதுதான் நித்திய வேலை. வெளிப்பக்கம் பாசி பிடிக்கும், தேங்காய் நார் போட்டுத் தேய்க்க வேண்டும். அடியில் தங்கிய தண்ணீரை முழுக்கக் கவிழ்த்துவிட்டு நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் கொசு. மழைக்காலத்தில் யாருக்கும் தாகம் எடுக்காது, இருந்தாலும் பானை காலியாக இருக்கக் கூடாது. எங்கள் தெருப் பந்தலைப் பக்கத்து வீட்டு பர்மிய அம்மா பார்த்துக்கொள்வார். அவருக்கு முழங்கால் வலி வந்த பிறகு, கடை திறக்கும் முன் அந்த வேலை என்னிடம் வந்தது. மனசு சரியில்லாத நாளிலும் செய்தே ஆக வேண்டிய சின்ன வேலை ஒன்று கையில் இருந்தால், அந்த நாளுக்கு எப்படியோ ஒரு தொடக்கம் கிடைத்துவிடுகிறது. வேறு எந்த உபதேசமும் எனக்கு இந்த அளவு உதவியதில்லை.

இங்கே ஒரு சந்தேகம் வரும். எந்த நாட்டு ஜனங்கள் அதிகம் கொடுக்கிறார்கள் என்று பார்க்கும் உலகக் கொடைப் பட்டியல் என்று ஒன்று வெளியிட்டு வந்தார்கள். 2014-ல் அதில் பர்மா அமெரிக்காவோடு சேர்ந்து முதலிடம், அடுத்த மூன்று வருஷமும் தனியாக முதலிடம். பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்த மாதம் ஏதாவது பணம் கொடுத்ததாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் உலக மகிழ்ச்சி அறிக்கையைப் பிரித்தால் நாங்கள் கீழேதான் கிடக்கிறோம். கொடுத்தால் சந்தோஷம் கொட்டும் என்பது உண்மையானால் இப்படி இருக்குமா? இருக்காது. கரண்ட் இல்லாத ராத்திரியையும் அரிசி விலையையும் தானதர்மம் சரிசெய்யாது. கொடுக்கும் பழக்கம் வேறு ஒன்றைச் செய்கிறது: பக்கத்தில் மனிதர்களைச் சேர்த்துவைக்கிறது. 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் ஐராவதிக் கழிமுகமே அழிந்து, இறந்தவரும் காணாமல் போனவருமாகச் சுமார் 1,38,000 பேர் என்றானபோது, ரங்கூனிலிருந்து சாதாரண ஜனங்கள் லாரி பிடித்து அரிசியும் துணியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றவில்லை. தினமும் பானை நிரப்பிய கைகளுக்கு வழி தெரிந்திருந்தது.

இரண்டாவது, துக்க வீட்டுக்குப் போவது. "நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போயிடணும்" என்று எங்கள் அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். கல்யாணத்தில் உங்களைத் தேட மாட்டார்கள், பிரியாணி தீர்ந்துபோனால்தான் தேடுவார்கள். சாவு வீட்டில் யார் வந்தார்கள் என்பதை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். இங்கே பர்மியர் வீட்டில் இரவெல்லாம் விழித்திருப்பார்கள். வாசலில் பந்தல் போட்டுச் சீட்டாட்டம், கொறிக்க விதைகள், வெறும் தேயிலைத் தண்ணீர். முதல்முறை பார்க்கிற நம்மவர்களுக்கு, இழவு வீட்டில் சீட்டா என்று இருக்கும். அந்த வீட்டை இருட்டில் தனியாக விடாமலிருக்க அது ஒரு சாக்கு, அவ்வளவுதான். என்ன பேசுவது என்று தெரியவில்லை என்பதற்காகப் போகாமல் இருப்பவர்கள் நிறைய. பேசவே வேண்டாம். நாற்காலி எடுத்துப் போடுங்கள், டம்ளர் கழுவுங்கள். 2001-ல் நடிகர் ஜோ தூவும் மற்றவர்களும் சேர்ந்து ரங்கூனில் ஒரு இலவச இறுதிச் சடங்குச் சங்கம் ஆரம்பித்தார்கள். சவப்பெட்டிக்கும் வண்டிக்கும் வழியில்லாத குடும்பங்களுக்கு, மதம் இனம் பார்க்காமல் செய்துகொடுக்கிறார்கள். சினிமாவில் அவர் நடித்ததை மறந்தவர்கள்கூட இதை மறக்கவில்லை.

மூன்றாவதாக டீக்கடை. நாள்பூரா உட்கார்ந்தாலும் எழுப்ப மாட்டார்கள், மேசையில் வெறும் தேநீர் இலவசம். வாரத்தில் ஒருநாள், போனை மடியில் கட்டிக்கொண்டு, வியாபாரப் பேச்சில்லாத ஒருவரோடு உட்காருங்கள். இதற்கு மேல் விளக்க ஒன்றுமில்லை.

எவ்வளவு கொடுப்பது என்று சிலர் கேட்பார்கள். கொடுத்த பிறகு மனசுக்குள் கணக்குப் பார்க்கத் தோன்றினால் அது உங்களுக்கு அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள். கடன் வேறு, கொடை வேறு. நண்பருக்குக் கொடுத்ததை மனசில் கடனாகவும் வாயில் கொடையாகவும் வைத்திருந்தால் நட்பும் போகும், பணமும் போகும். கடன் என்றால் கடன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், தேதியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.