யன்னலைப் பார்த்துக் கன்றை வாங்குங்கள்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுடையது தகரக் கூரை போட்ட வீடு. முன்னறையில் வடக்குப் பக்கம் ஒரே ஒரு யன்னல். உள்ளே என்ன கன்று நிற்கும்? (வாசகி, பரந்தன்)

பதில்: கன்றின் பெயரைத் தேடுவதற்கு முன் வெளிச்சத்தைப் பாருங்கள். மதியம் 12 மணிக்கு மின்விளக்கைப் போடாமல், சாடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓர் அடி மேலே கையைப் பிடியுங்கள். விரல்களின் நிழல் தனித்தனியாகத் தெரிந்தால் அது நல்ல வெளிச்சம். அங்கே அரேக்கா பாம், ஸ்பைடர் பிளான்ற் நிற்கும். நிழல் மங்கலாக விழுந்தால் மருள், ஸீஸீ பிளான்ற், மணி பிளான்ற், அக்லோனிமா வைக்கலாம். நிழலே விழாத மூலையில் எதையும் வைக்க வேண்டாம். இரண்டு மாதம் பச்சையாக நின்று ஏமாற்றிவிட்டுப் பிறகு படுத்துவிடும்.

முதலில் ஒரு மருள் வாங்குங்கள். மஞ்சள் கரை போட்டுக் கடையில் விற்பது ஆபிரிக்க இனம்; எங்கள் உலர்வலயப் பற்றைகளில் தானாக வளரும் மருளுக்கு நெருங்கிய உறவு. கோடையில் 15 நாளைக்கு ஒருமுறை, மாரியில் மாதம் ஒருமுறை தண்ணீர் போதும். ஸீஸீ பிளான்ற்றுக்கு மண்ணுக்குள் கிழங்கு இருப்பதால் அதற்கும் இதே கணக்குத்தான்.

வடக்கு யன்னலால் வெயில் வராது என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் இருப்பதை நம்பாதீர்கள். வன்னியில் சித்திரைப் பிறப்பிலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை உச்சிச் சூரியனே எங்களுக்கு வடக்காகத்தான் போகிறது. காலையும் மாலையும் சரிந்த வெயில் உள்ளே விழுந்து அக்லோனிமா இலையை வெளிறச் செய்யும். அந்த மாதங்களில் சாடியை மூன்றடி உள்ளே தள்ளி வையுங்கள். தகரத்துக்குக் கீழே தொங்கவிடவும் வேண்டாம். கூரைச் சூட்டில் சாடி பின்னேரத்துக்குள் காய்ந்துவிடும்.

கேள்வி: ஒரு நாளும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். ஸ்பைடர் பிளான்ற்றின் இலை நுனி கருகுகிறது. மணி பிளான்ற் மஞ்சளாகி வாடுகிறது. ஏன்? (வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: இரண்டும் வேறு வேறு நோய்கள். மணி பிளான்ற்றைச் சாடியிலிருந்து மெதுவாகக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் கபில நிறமாகி, விரலால் இழுத்தால் தோல் கழன்று நடு நரம்பு மட்டும் நூல்போல மிஞ்சும். மணமும் சேற்று மணமாக இருக்கும். ஈரம் நிறைந்த மண்ணில் வேருக்குக் காற்றில்லை, அதனால் அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீர் உறிஞ்ச முடியாது, அதனால் கன்று வாடுகிறது. வாடுகிறதே என்று நீங்கள் இன்னும் ஊற்றுகிறீர்கள். வீட்டுக் கன்றுகள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன.

அழுகியதைச் சுத்தமான பிளேட்டால் வெட்டிவிட்டு, தும்புச்சோறு 2 பங்கு, கரியாக்கிய உமி 1, பரு மணல் 1, மக்கிய கூட்டெரு 1 கலந்து நடுங்கள். தும்புச்சோற்றில் உப்பு இருக்கும். மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். சாடி வேர்க் கட்டியை விட 2 அங்குலம் அகலமாக இருந்தால் போதும், அடியில் கட்டாயம் ஓட்டை வேண்டும். இனி விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

ஸ்பைடர் பிளான்ற்றின் நுனியைக் கருக்குவது பெரும்பாலும் தண்ணீரில் உள்ள உப்பு. சாடி விளிம்பில் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். கேத்திலின் அடியில் படிவதும் அதுதான். கொதிக்கவைத்தால் சுண்ணாம்பு கொஞ்சம் குறையும், கறியுப்பு குறையாது. மாரியில் முதல் மழையைக் கூரை கழுவ விட்டு, பிறகு வரும் தண்ணீரை மூடியுள்ள பீப்பாவில் பிடித்து வையுங்கள். மாதம் ஒருமுறை சாடியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு மழைத்தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியால் முழுவதும் வடிய விடுங்கள். கருகிய நுனி மீண்டும் பச்சையாகாது. புது இலை சுத்தமாக வரும்.

கேள்வி: துளசியை வீட்டுக்குள் வளர்க்கலாமா? (வாசகி, மாங்குளம்)

பதில்: வேண்டாம். நாளுக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் தேவை. முற்றத்தில் நிற்கட்டும்.

கேள்வி: வீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளை. எந்தக் கன்று ஆபத்து? (வாசகர், வவுனியா)

பதில்: டிஃபென்பேக்கியாவை (அகன்ற பச்சை இலையில் வெள்ளைத் திட்டுகள் உள்ள அழகுக் கன்று) உடனே வெளியேற்றுங்கள். அதன் இலையிலும் தண்டிலும் கல்சியம் ஒட்சலேற்று என்ற உப்பின், கண்ணுக்குத் தெரியாத ஊசி போன்ற படிகங்கள் உண்டு. கடித்தால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும். மணி பிளான்ற், அக்லோனிமா, ஸீஸீ ஆகியவற்றிலும் அது இருப்பதால் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். பிள்ளை கடித்துவிட்டால் வாயைத் துடைத்துக் கழுவி, குளிர்ந்த பால் கொடுங்கள். வீக்கம் கண்டாலோ விழுங்க, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ தாமதிக்காமல் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஸ்பைடர் பிளான்ற், அரேக்கா பாம் இரண்டும் பிள்ளை உள்ள வீட்டுக்குப் பயமில்லாதவை.

கேள்வி: மணி பிளான்ற்றைப் போத்தல் தண்ணீரில் வைத்தால் டெங்கு நுளம்பு வருமா? (வாசகி, முழங்காவில்)

பதில்: வரும். முட்டை நுளம்பாக 7 முதல் 10 நாள் போதும். ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மாற்றும்போது போத்தலின் உட்சுவரைத் தும்பால் தேய்க்கவும் வேண்டும், ஏனென்றால் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாடிக்குக் கீழே வைக்கும் தட்டையும் இதேபோலத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.