காகிதக் கொக்குகளால் குட்டி மரம் செய்வது எப்படி?

மடித்த காகிதக் கொக்குகளை இலைகளாக வைத்துச் சிறிய அலங்கார மரம் செய்யும் முறையைக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

மரத்தை முதலில் முடித்துவிடுங்கள். இருபத்தொரு மெல்லிய செம்புக் கம்பிகளைக் கற்றையாகச் சேர்த்துப் பாதி உயரம்வரை முறுக்கினால் அடிமரம். அதற்கு மேல் மூன்று மூன்றாகப் பிரித்து முறுக்கினால் கிளைகள். நுனிகளை ஒற்றைக் கம்பியாகவே விடுங்கள். கீழ்முனைகளை வேர்போல விரித்துக் கனமான கல்லில் சுற்றிவிட்டால் மரம் சாயாது.

கொக்குக்கு 3 செ.மீ. சதுரத் தாள் போதும். பழக்கமில்லையென்றால் 15 செ.மீ. தாளில் தொடங்குங்கள். தாள் மெல்லியதாக இருப்பது முக்கியம். தடித்த தாளில் கழுத்து மடிப்பு பிதுங்கிவிடும். அலகை மடிக்க விரலைவிட இடுக்கியே நல்லது.

இனி, கொக்கைத் திருப்பி அதன் வயிற்றைப் பாருங்கள். மடிப்புகள் கூடும் இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். கம்பி நுனியில் துளி பசை தொட்டு அதில் செருகுங்கள். ஒட்டிய தடமே தெரியாது. கொக்கு அப்போதுதான் வந்தமர்ந்ததுபோல இருக்கும். பசை காய்ந்தபின் இறக்கைகளை விரியுங்கள்.

கிளை முழுவதும் அப்பிவிடாதீர்கள், இடைவெளியில்தான் மரத்தின் வடிவம் தெரிகிறது. ஜப்பானியக் கலைஞர் நவோகி ஓனோகாவா மிகச் சிறிய கொக்குகளால் செய்த மரங்களின் படங்களைத் தேடிப் பாருங்கள். கிளையமைப்புக்கு அவற்றைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

வெயில் படாத இடத்தில் வையுங்கள், நிறம் வெளுக்காது.