முருகப்பாவும் மர்ஃபியும்

கேள்வி: வணக்கம் சார். என் அண்ணன் மகள் அயர்லாந்தில் கார்க் நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா மிஸஸ் மர்ஃபி. இதைக் கேட்டதும் எங்கள் ஊர்ப் புலவர் ஒருவர், "மர்ஃபி வேறு யாரும் இல்லை, நம்ம முருகப்பாதான். கப்பலேறிப் போன தமிழன் பெயர்" என்று அடித்துச் சொல்கிறார். அந்த அம்மாவிடம் கேட்டால், "எங்கள் பாஷையில் அது ஓ முரஹூ" என்றாராம். புலவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. உண்மையா சார்?
— ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: புலவர் மனசு நோகக் கூடாதுதான். ஆனால் முருகப்பாவும் மர்ஃபியும் பங்காளிகள் இல்லை.

ஒரு பெயரின் பூர்வீகம் தெரிய வேண்டுமென்றால் அது இன்று காதில் எப்படி விழுகிறது என்று பார்க்கக் கூடாது, பழைய ஏட்டில் எப்படி எழுதியிருந்தது என்று பார்க்க வேண்டும். வெள்ளைக்காரன் 'ராம்நாட்' என்று எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பெயருக்குள் இருக்கிற ராமநாதரைக் கண்டுபிடிக்க முடியுமா?

மர்ஃபியின் பழைய எழுத்து ஏறக்குறைய 'ஓ முர்ஹதா'. அதுதான் தேய்ந்து 'ஓ முரஹூ' ஆனது. முர்ஹத் என்பது ஓர் ஆளின் பெயர். அயர்லாந்தின் பழைய மொழியான ஐரிஷில் 'முய்ர்' என்றால் கடல், 'கஹ்' என்றால் போர். இரண்டும் சேர்ந்தால் கடற்போர் வீரன். முன்னால் நிற்கிற 'ஓ' நாம் ஆளைக் கூப்பிடுகிற ஓ இல்லை, பேரன், வழிவந்தவன் என்று பொருள். ஆக, கடல் வீரனின் பேரப்பிள்ளைகள். பாம்பன் பக்கம் பெண் கொடுக்கலாம் போல இருக்கிறது!

புலவருக்கு இன்னொரு சேதியும் உண்டு. அந்தப் பாஷையில் ஆணுக்குத்தான் 'ஓ'. மகள் என்றால் 'நீ' என்று மாறும், உடனே பின்னால் வருகிற 'ம' மெலிந்து 'வ' ஆகிவிடும். அந்த வீட்டு மகள் 'நீ வுரஹூ'. முருகன் நின்ற இடமே காலி.

சரி, குடும்பப் பெயர் எப்படி வந்தது? நம் இன்ஷியலை நினைத்துக்கொள்ளுங்கள். என் அப்பா பெயர் எனக்கு இன்ஷியல், என் பெயர் என் மகனுக்கு இன்ஷியல். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அயர்லாந்திலும் முதலில் இப்படித்தான் இருந்தது. 10, 11ஆம் நூற்றாண்டுகளில் அந்த ஓட்டம் ஏதோ ஒரு பாட்டன் பெயரோடு நின்று, வம்சம் முழுக்க அதையே சுமக்க ஆரம்பித்தது. 916ஆம் ஆண்டு இறந்த ஒரு குறுநிலத் தலைவனின் 'ஓ க்ளேரி' என்ற பெயர், ஏடுகளில் கிடைக்கிற மிகப் பழைய குடும்பப் பெயர்களில் ஒன்று. அங்கே பெயர் இவ்வளவு சீக்கிரம் நிலைத்துவிட்டது, நாம் இன்னும் பாஸ்போர்ட் பாரத்தில் 'சர்நேம்' கட்டத்தைப் பார்த்து முழிக்கிறோம்.

முர்ஹத் அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த பெயர். வெக்ஸ்ஃபோர்டில் ஒரு முர்ஹத்தின் வம்சம், கார்க்கில் இன்னொருவர், ராஸ்காமனில் வேறொருவர். ஒருவருக்கொருவர் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1890இன் பிறப்புப் பதிவுகளை வைத்து அரசாங்கம் போட்ட மதிப்பீட்டில் மர்ஃபிகள் ஏறத்தாழ 62,600 பேர், அயர்லாந்திலேயே முதலிடம். அடுத்தது கெல்லி, 55,900. ஆகவே இரண்டு மர்ஃபிகள் சந்தித்தால் உறவுமுறை விசாரிக்காமல் கட்டிப்பிடித்துவிடக் கூடாது.

'மாக்' என்றால் மகன். மாக் முர்ஹதா என்று ஒரு தனி வம்சமும் உண்டு. அதில் வந்த டெர்மட், லின்ஸ்டர் நாட்டு அரசன். 1166இல் நாட்டை இழந்து, கடல் கடந்து இங்கிலாந்து அரசன் இரண்டாம் ஹென்றியிடம் உதவி கேட்டுப் போனான். 1169இல் அவனுக்குத் துணையாக, அன்று இங்கிலாந்தை ஆண்ட நார்மன்களின் படை ஒன்று வெக்ஸ்ஃபோர்டு கரையில் இறங்கியது. உள்ளூர்ச் சண்டைக்கு வெளியாளைக் கூப்பிட்ட கதை சேதுபதி சீமைக்காரர்களான நமக்குப் புதிதா என்ன?

வந்தவர்கள் பெயரிலும் கை வைத்தார்கள். 1465இல் ஒரு சட்டம். டப்ளினைச் சுற்றியிருந்த ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியில் வாழும் ஐரிஷ்காரர்கள் ஊர், நிறம், தொழில், பதவி இவற்றில் ஒன்றை வைத்து ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும். வெள்ளை, கறுப்பு, கொல்லன், தச்சன், சமையல்காரன் என்று சட்டமே உதாரணமும் கொடுத்தது. பின்னாளில் 'ஓ'வும் 'மாக்'கும் ஏராளமான பெயர்களிலிருந்து உதிர்ந்தன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரிஷ் மொழிப் பற்று மறுபடி தழைத்தபோது பலர் 'ஓ'வைத் திரும்ப ஒட்டிக்கொண்டார்கள். மர்ஃபிகள் மட்டும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் மொட்டையாகவே இருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் குமாஸ்தா ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானே அவர்தான். 1987 ஜூன். கடற்கரைப் பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு என் கையில். கைலி நுனியில் உப்பு காய்ந்திருக்க ஒருவர் பையனைக் கூட்டி வந்தார். "அப்பா பேரு?" "மிக்கேல், சார்." பெரிய படிப்பாளி மாதிரி 'மைக்கேல்' என்று திருத்தி எழுதினேன். மூத்தவன் பதிவேட்டில் அதே அப்பா 'மிக்கேல்'. இருபது வருஷம் கழித்து இளையவன் வளைகுடாவுக்குக் கிளம்பும்போது ஒரே அப்பா காகிதத்தில் இரண்டு ஆளாகிவிட்டார். நோட்டரி, பிரமாணப் பத்திரம், மூன்று முறை மதுரைக்கு பஸ். அவர் என்னைத் திட்டவில்லை. இரண்டு ஊளி மீனைக் கொண்டுவந்து வைத்து, "சார் கையெழுத்து அழகு, எழுத்துத்தான் தப்பு" என்றார். திட்டியிருக்கலாம். முர்ஹதா என்ற ஒரே ஒலியை மர்ஃபி, மாரோ, மரோ, ஓ மார்ச்சோ என்று விதவிதமாக எழுதிவைத்தவர்களும் என் ஜாதிதான்.

ஒரே பெயர் மலிந்த ஊர்களில் அவர்களும் நம்மைப் போலப் பட்டப்பெயர் வைத்துத்தான் சமாளித்தார்கள். 'ரூவா' என்றால் செம்பட்டை முடிக்காரன், 'பான்' என்றால் வெளுத்த முடிக்காரன். உங்கள் ஊரில் அந்தோணி என்று குரல் கொடுத்தால் பத்துப் பேர் திரும்பமாட்டார்களா? சுறா அந்தோணி என்றால் ஒருவர்தான் திரும்புவார்.

அந்த அம்மாவுக்கு ஆசை இருந்தால் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்குப் படிவங்களை அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஐரிஷ் பேசத் தெரியுமா என்று கேட்டுக் குறித்திருக்கிறார்கள். 1911 படிவத்தில், கல்யாணம் ஆகி எத்தனை வருஷம், பெற்றது எத்தனை, உயிரோடிருப்பது எத்தனை என்றும் கட்டம் உண்டு. அதற்கு முந்தைய கணக்குகள் அநேகமாக இல்லை. சிலவற்றை அரசாங்கமே அழித்தது, மீதி 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் பற்றி எரிந்தபோது போயிற்று. பாட்டனார் பெயரோடு எந்த மாவட்டம், எந்தக் கிராமம் என்பதும் தெரிந்தால்தான் தேட முடியும். வெறும் மர்ஃபி என்று தேடினால் கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

கேள்வி: 'மர்ஃபி விதி' என்கிறார்களே, அதுவும் இந்த மர்ஃபிதானா?
— ஒரு வாசகி, தொண்டி

பதில்: பெயர் அதேதான். 1949 வாக்கில் அமெரிக்க விமானப்படைச் சோதனை ஒன்றில் கருவிகளைத் தப்பாக மாட்டிவிட, பொறியாளர் எட்வர்டு மர்ஃபி அலுத்துச் சொன்னதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஆங்கிலப் பேச்சு வழக்கில் உருளைக்கிழங்குக்கும் 'மர்ஃபி' என்று ஒரு கேலிப்பெயர் உண்டு. 1845இல் அயர்லாந்தில் அந்தக் கிழங்கு அழுகத் தொடங்கி, ஏழு வருஷப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதனால் கார்க்கில் இருக்கிற பிள்ளையிடம் சொல்லிவையுங்கள், அந்தக் கேலியை வீட்டுக்கார அம்மா முன்னால் எடுக்க வேண்டாம்.