நாகதாளி முள்ளில் பாடிய தட்டு

(வாசகர் கேள்வி பதில். இம்முறை பதில் தருபவர், இடம்பெயர்ந்திருந்த காலம் போக நாற்பது வருடமாகப் பரந்தனில் சவுண்ட் சேர்விஸும் றேடியோ திருத்தும் கடையும் வைத்திருப்பவர்.)

அம்மப்பாவின் றங்குப்பெட்டியில் பதினாறு இசைத்தட்டுகள் கிடைத்தன. சில கனமானவை, தட்டினால் பீங்கான் மாதிரிச் சத்தம் வருகிறது. சில இலேசாக வளைகின்றன. எப்படித் துடைப்பது? போனில் கேட்பதை விடத் தட்டில் பாட்டு நன்றாக இருக்கும் என்கிறார்களே, மெய்யா ஐயா?
வாசகி, மாங்குளம்

முதலில் துடைக்கிற கதையைச் சொல்லிவிடுகிறேன் பிள்ளை. ஸ்பிரிட் போத்தலைத் திறந்திருந்தால் மூடிவிடுங்கள். பீங்கான் சத்தம் தருபவை நிமிடத்துக்கு 78 தடவை சுற்றுகிற பழைய தட்டுகள். அரக்குச் சேர்த்துச் செய்தவை. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும், பாட்டும் அதோடு போய்விடும். ஈரத்துணியால் சுற்றுவாக்கில் ஒற்றித் துடைத்து நிழலில் காயவிட்டால் போதும். வளைபவை வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. 1948இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்த எல்பி, அதாவது நீண்ட நேரம் ஓடும் தட்டு வகை. அதைக் கோப்பை கழுவுகிற திரவம் ஒரு துளி விட்ட தண்ணீரில் கழுவலாம், நடுவில் உள்ள லேபல் நனையக் கூடாது. தகரக் கூரைக்குக் கீழே, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைக்க வேண்டாம். புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். பங்குனி வெயிலில் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு யந்திரம்) பெட்டியில் ஒரு தட்டை மறந்துபோய் வைத்து, மத்தியானம் பப்படமாக எடுத்தவன் நான்.

இனி மற்றக் கேள்வி. தட்டுப் பிரியர்கள் கோபித்தாலும் பரவாயில்லை, அளந்து பார்த்தால் சிடிதான் மேல். ஒரு செக்கன் பாட்டை 44,100 தடவை அளந்து எண்ணாக எழுதி வைத்திருக்கிறது அது. போனில் வருகிற பாட்டும் இப்படி எண்ணாக எழுதியதுதான். இரைச்சல் இல்லை, போடப் போடத் தேய்வதும் இல்லை. தட்டுக்கோ பிறவியிலேயே ஒரு குறை உண்டு. 12 அங்குல எல்பியின் வெளி விளிம்பில் ஒரு செக்கன் பாட்டு ஏறக்குறைய அரை மீற்றர் நீளத்துக்குக் காலாட்டிக்கொண்டு படுத்திருக்கும். உள்ளே லேபலுக்குக் கிட்டப் போனால் அதே ஒரு செக்கன் இருபது சென்ரிமீற்றர் சொச்சத்துக்குள் ஒடுங்க வேண்டும். அதனால்தான் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு கொஞ்சம் மங்கலாகக் கேட்கும்.

அப்படியென்றால் தட்டில் கேட்டவர்கள் ஏன் சொக்கிப்போகிறார்கள்? பாதிக் காரணம் போனில் இருக்கிறது. தட்டைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, போனை அதன் மிளகு அளவு ஸ்பீக்கரில் கேட்டு ஒப்பிடுகிறோம். இது நியாயமா? மற்றப் பாதி, பழைய பாட்டைச் சிடிக்கும் போனுக்கும் புதிதாக மாற்றுகிறவர்கள் செய்கிற வேலை. மெதுவாகத் தொடங்குகிற வீணையையும் உச்சத்தில் விழுகிற தவிலையும் ஒரே மட்டத்துக்குத் தூக்கிவிடுகிறார்கள். தட்டில் அந்த விளையாட்டு அதிகம் செல்லாது. பாட்டைப் பள்ளமாகத்தான் தட்டில் வெட்டுவார்கள், அளவுக்கு மிஞ்சி வெட்டினால் ஊசி துள்ளி வெளியே வந்துவிடும். ஆகவே தட்டில் மெல்லிய இடம் மெல்லிசாகவே இருக்கும். நான் அதற்காகத்தான் தட்டுப் போடுகிறேன். (கோவில் திருவிழாவில் பனையில் கட்டிய ஹோர்னில் எல்லாம் ஒன்றுதான். அங்கே இந்த ஞாயம் எடுபடாது.)

கனடாவில் இருக்கும் மகன் சூட்கேஸ் மாதிரி மூடுகிற தட்டுப் பிளேயர் ஒன்று அனுப்பப் போகிறான். வாங்கலாமா?
வாசகர், முள்ளியவளை

அந்தக் காசை வேறு எதற்காவது அனுப்பச் சொல்லுங்கள். நல்ல பிளேயரின் ஊசி தட்டில் இரண்டு கிராம் அளவில் அழுத்தும். மலிவான சூட்கேஸ் பெட்டிகள் பலவற்றில் அது ஐந்து கிராமுக்கு மேலே போகும். உழவு யந்திரம்தான். அதோடு எல்பிக்குச் செய்த ஊசியை 78இல் வைத்தால், அகலமான பள்ளத்தின் அடியில் கிடக்கிற ஊத்தையைத்தான் அது வாசிக்கும். 78க்கு ஊசி வேறு.

நல்ல பிளேயர் வாங்கினாலும் அம்பிளிபயரில் ‘போனோ’ துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அடித்தொனியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகன்று பக்கத்துப் பள்ளத்துக்குள் போய்விடும். அதனால் குறைத்து வெட்டுவார்கள், போனோ பகுதி அதைத் திருப்பி நிரப்பும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாண வீட்டில் மைக் துவாரத்தில் கொடுத்துவிட்டேன். தகரத்தில் மழை பெய்த மாதிரி வந்தது. மாப்பிள்ளையின் மாமா என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம்.

கறண்ட் இல்லாத காலத்தில் வன்னியில் யார் தட்டுக் கேட்டார்கள்? கசெற்தானே இருந்தது?
வாசகர், கிளிநொச்சி

மெய்தான் தம்பி. 1990க்குப் பிறகு கசெற்தான். போர் காரணமாகப் பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் கறண்டில் செய்தியும் பாட்டும் கேட்டோம். சுற்றுகிறவன் களைத்தால் பாடகரும் களைத்துவிடுவார்.

ஆனால் எங்கள் பெரியப்பாவிடம் சாவி கொடுக்கிற கிராமபோன் ஒன்று இருந்தது. அதற்குக் கறண்டும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம். பள்ளத்தில் ஊசி ஆடுகிற ஆட்டமே தகட்டில் ஏறிக் குழாயால் சத்தமாக வரும். உருக்கு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும், அது எங்கே கிடைத்தது? பெரியப்பா வேலியோரத்து நாகதாளி முள்ளைக் காயவைத்துச் சீவிப் பொருத்தினார். பைத்தியம் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் மேல்நாட்டிலும் கள்ளி முள்ளை ஊசியாகக் கடையில் விற்றார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். சத்தம் குறைவு, கரகரப்பும் குறைவு. நாதஸ்வரம் அடுத்த வளவில் வாசிக்கிற மாதிரிக் கேட்கும். இன்றைக்கு எந்தப் பெட்டியிலும் எனக்கு அந்தச் சத்தம் வரவில்லை.

2008 கடைசியில் போரில் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது கிராமபோனை விட்டுவிட்டோம். தட்டுகளைப் பொலித்தீனில் சுற்றிக் கிணற்றடியில் தாட்டோம். திரும்பி வந்து தோண்டினால் உறைகளைக் கறையான் தின்றிருந்தது. அரக்குத் தட்டு ஒன்றுகூட முழுதாக இல்லை. வினைல் சில தப்பின.

இப்போது உங்களிடம் எத்தனை தட்டு இருக்கிறது?
வாசகி, விசுவமடு

பதினொன்று. இரண்டுக்கு லேபல் மண்ணோடு போய்விட்டது. ஊசி வைத்தால்தான் எந்தப் பாட்டு என்று தெரியும். பெயர் எழுதி ஒட்டுகிறேன் என்று பேத்தி பேனையோடு வந்தாள். நான் விடவில்லை.