புது மருந்துச் சோதனைக்குத் தம்பியை அனுப்பலாமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 34. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறான். மனம் சில காலம் அளவுமீறிப் பொங்கி, சில காலம் சோர்ந்துபோகும் பைபோலார் நோய்க்கு எட்டு வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். இரண்டு மாதமாகச் சோர்ந்துபோய், வேலைக்கும் போகாமல் படுத்தே கிடக்கிறான். இந்த நோயில் வரும் மனச்சோர்வுக்குப் புது மருந்து ஒன்றைச் சோதிக்கிறோம், சேர்கிறாயா என்று மருத்துவமனையில் கேட்டிருக்கிறார்கள். அம்மா, “என் பிள்ளை என்ன சோதனை எலியா?” என்று அழுகிறார். நான் கையெழுத்துப் போடலாமா?
- ஓர் அக்காள், சுங்கை சிப்புட்

பதில்: அன்புச் சகோதரி, அந்தக் கையெழுத்தைத் தம்பிதான் போட வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம், அவருக்குப் பதிலாகச் சம்மதிக்க முடியாது. அவருக்குப் படிக்கச் சிரமம் என்றால், சோதனைக் குழுவைச் சேராத ஒரு சாட்சியின் முன்னிலையில் விளக்கத் தாளை வாசித்துக் காட்ட வேண்டும். தமிழில் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். அன்றைக்கே கையெழுத்துக் கேட்டால் போட வேண்டாம். தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு மூன்று நாள் வைத்துப் படியுங்கள்.

அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். அமைச்சு மருத்துவமனையில் சோதனை நடக்க, சுகாதார அமைச்சின் மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். நாட்டில் பதிவாகாத மருந்தைச் சோதனைக்காகக் கொண்டுவர மருந்துகளைக் கட்டுப்படுத்தும் தேசிய நிறுவனமான என்.பி.ஆர்.ஏ.வின் உரிமமும் வேண்டும். நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண், மருந்தால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்ற உறுதி ஆகிய மூன்றையும் தாளில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது.

ஆனால் அதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியது வேறு. பைபோலார் உள்ளவருக்குச் சாதாரண மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மனம் எதிர்ப்பக்கம் துள்ளி, மேனியா என்னும் அளவுமீறிய பொங்கலில் போய் நிற்கலாம். அதனால் இந்தச் சோர்வுக்கென்று நிரூபணமான மருந்துகள் சிலவே. குவெட்டியாபின், லுராசிடோன் போன்றவை அவற்றில் உண்டு. தம்பிக்கு இவற்றில் ஒன்றையாவது லித்தியத்தோடு கொடுத்துப் பார்த்தார்களா? இல்லையென்றால் முதலில் அதைக் கேளுங்கள். பலன் தெரிந்த மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, பலன் இனிமேல்தான் தெரிய வேண்டிய மருந்துக்கு அவசரம் இல்லை.

கொடுத்தும் பலன் இல்லை என்றால் அடுத்த கேள்வி: லித்தியம் தொடருமா, நிற்குமா? சில சோதனைகளில் பழைய மருந்தின் மேல் புது மருந்தைச் சேர்ப்பார்கள். சிலவற்றில் பழையதை நிறுத்திவிட்டுத் தொடங்குவார்கள். எட்டு வருட லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் மேனியா திரும்பும், தற்கொலை எண்ணமும் கூடும் ஆபத்து உண்டு. நிறுத்தச் சொல்லும் சோதனையில் தம்பி சேர வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

சேர்ந்தால் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம், வாரம் ஒரு முறையோ இரு வாரத்துக்கு ஒரு முறையோ போக வேண்டியிருக்கும். பாதிப்பேருக்குப் புது மருந்தும் மீதிப்பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் மருந்தில்லாத மாத்திரையும் குலுக்கல் முறையில் போகலாம். யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாது. மனச்சோர்வு தானாகவும் ஏறி இறங்கும் என்பதால், ஒப்பிட்டால்தான் குறைத்தது மருந்தா, நாளா என்று தெரியும். தம்பிக்கு மருந்தில்லாத மாத்திரை கிடைக்கலாம் என்பதைச் சம்மதிக்கும் முன்பே அவர் மனதார ஏற்க வேண்டும்.

லித்தியம் அளவு பார்க்கும் ரத்தம், கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுப்பது. காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிடட்டும். முதுகு வலிக்கு இபுபுரோஃபென், டைக்லோஃபெனாக் வேண்டாம். அவை லித்தியத்தை உடம்பில் தேக்கிவிடும். வெயிலில் வேர்த்து, தண்ணீர் குடிக்காவிட்டாலும் இதே கதிதான். கை அதிகமாக நடுங்கி, வாந்தி பேதியோடு நடை தள்ளாடினால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

சோர்வை ஒரு அளவுகோலால் எடை போடுவார்கள். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6, மொத்தம் 60. மலாயில் கேட்டால் தம்பி “ஓக்கே” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். “நெஞ்சு கனமா இருக்கு, சோறு இறங்கல” என்பதை அவர் வாயால் தமிழில் சொல்ல வழி செய்யச் சொல்லுங்கள். சேர்வதற்காகக் கூட்டியும் சொல்லக் கூடாது. குடி, நாட்டு மருந்து, வேறு கிளினிக் மாத்திரை எதையும் மறைக்க வேண்டாம். ஒரு வேளை தவறினால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. மீந்த மாத்திரையை அட்டையோடு திருப்பிக் கொண்டுபோங்கள், எண்ணுவார்கள். மருந்து தூக்கத்தைத் தருமா, உட்கார விடாமல் காலைத் துடிக்கவைக்குமா என்று தெரியும்வரை மோட்டார் சைக்கிளும் நீளக் கழி அரிவாளும் வேண்டாம். போகிற நாளுக்கு விடுப்புச் சீட்டும் பயணச் செலவும் உண்டா என்று கேளுங்கள்.

உங்கள் வேலை ஒரு நோட்டுப் புத்தகம். எத்தனை மணிக்குப் படுத்தார், எப்போது எழுந்தார் என்று தினமும் எழுதுங்கள். இரண்டு இரவு மூன்று நான்கு மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல், பேச்சு கூடி, கையிலுள்ள காசை வாரி இறைத்தால் அது குணமல்ல, மேனியாவின் வாசல். அன்றே சோதனைக் குழுவைக் கூப்பிடுங்கள். செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். தனியாக விடாதீர்கள், களைக்கொல்லியையும் மாத்திரைகளையும் பூட்டுங்கள். பேச ஆள் வேண்டுமானால் ஹீல் மனநல உதவி எண் 15555, உயிருக்கு ஆபத்து என்றால் 999.